பினாங்கும் பொன்னம்பலமும்

காதல் பாட்டுக்கு உரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். பாட்டுக் கட்டினவன் போய்விட்டான். பாட்டில் வருகிற பெண்ணும் போய்விட்டாள். மிஞ்சியிருக்கிறவர் உரைகாரர் ஒருவர்தாம். அவர் சொன்னதுதான் பொருள். 'இவள் கண்ணீர் விட்டது காதலனை நினைத்தல்ல, நாட்டு நிர்வாகம் கெட்டுப் போனதை நினைத்து' என்று அவர் எழுதி வைத்துவிட்டால், இரண்டாயிரம் வருஷத்துக்கு அவள் நிர்வாகத்துக்காகவே அழுதுகொண்டிருக்க வேண்டியதுதான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சீனாவில் இது அப்படியே நடந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்ற புத்தகத்தை வாங்கினேன். 2012-இல் காலச்சுவடு வெளியிட்டது. சீனர்களின் மிகப் பழைய பாட்டுத் தொகுதியான ஷிஜிங்கிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை, ஆங்கிலத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு வராமல், சீனத்திலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறார், பயணி என்ற புனைபெயரில் எழுதும் ஸ்ரீதரன். வெளியுறவு அதிகாரியாகச் சீனத்தில் பணியாற்றியவர். ஷிஜிங்குக்கு அவர் இட்ட தமிழ்ப் பெயர் 'கவித்தொகை'. நம்முடைய கலித்தொகைக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். வைக்கத் தகுந்த பெயர்தான்.

மொத்தம் 305 பாட்டுகள். ஏறக்குறைய கி.மு. பதினொன்றாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை பாடப்பட்டவை. நாட்டுப்புறப் பாட்டு 160, அரண்மனைப் பாட்டு 105, முன்னோர் வழிபாட்டுத் துதி 40 என்று மூன்று பங்கு. கன்பூஷியஸ் தொகுத்தார் என்பது பழைய நம்பிக்கை. அவர் தொகுத்தாரோ இல்லையோ, மாணவர்களையும் பெற்ற மகனையும் 'பாட்டுப் படித்தாயா?' என்று கேட்டுக் குடைந்திருக்கிறார். படித்தால் மனசு பண்படும், பேசத் தெரியும், இன்னும் ஒன்றுமில்லாவிட்டாலும் பறவை, மிருகம், செடி கொடிகளின் பெயராவது தெரியும் என்பது அவர் கட்சி. இந்தக் கடைசிக் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றுச் சொச்சம் பூக்களை அடுக்கியிருப்பதைக் கன்பூஷியஸ் கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

அந்த 160 நாட்டுப்புறப் பாட்டுகளைப் படிக்கிறபோது நம்முடைய அகப்பாட்டு ஞாபகம் வராமல் போகாது. அடி அமைப்பே அப்படி. பெரும்பாலான பாட்டுகளில் ஓர் அடிக்கு நான்கு சொல். சீனத்தில் ஒரு சொல் என்றால் ஓரசை. நம்முடைய ஆசிரியப்பாவிலும் அடிக்கு நான்கு சீர். நம் சீருக்குள் இரண்டு அசையாவது இருக்கும். அவர்களுடையது அதைவிடச் சிக்கனம். ஒரு பறவை கத்துகிறது, ஒரு மரத்தில் பழம் உதிர்கிறது, ஆற்றங்கரையில் நாணல் மேல் பனி படிகிறது. இவ்வளவுதான் முதல் இரண்டு அடியில் வரும். அடுத்த அடியில் ஒரு பெண் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறாள். பறவைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று பாட்டில் ஒரு வார்த்தை இராது. 'போல' என்ற உவம உருபு கிடையாது. சீன இலக்கணக்காரர்கள் இதற்கு 'ஸிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரே சொல்வது ஒன்று, ஒப்பிட்டுச் சொல்வது ஒன்று, இப்படி ஒன்றைக் காட்டி மனசைக் கிளப்பிவிட்டு வேறொன்றைச் சொல்வது மூன்றாவது. தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் சொன்னதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். உள்ளுறையில் கணக்கு நேராகும்; இந்தப் பறவை தலைவன், அந்த மீன் பரத்தை என்று புள்ளி வைத்துக் காட்டலாம். ஸிங்கில் கணக்கு நேராகாது. அந்த விதத்தில் அது இறைச்சிக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் சங்கப் பாட்டும் சீனப் பாட்டும் பிரிகின்றன. குறுந்தொகைப் புலவர் ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். சீனப் பெண் மூன்று முறை சொல்லுவாள். மூன்று கண்ணிகளிலும் ஒரே பேச்சு, ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் மாறும். இரவில் வரும் காதலனைப் பார்த்து ஒருத்தி 'சுவர் ஏறி வராதே' என்கிற பாட்டு ஒன்று, ஜெங் நாட்டுப் பகுதியில் இருக்கிறது. முதல் கண்ணியில் அவன் தாண்டப் பார்ப்பது ஊரோரத்து வேலி. அவளுக்குப் பயம் அப்பா அம்மாவிடம். அடுத்ததில் வீட்டுச் சுவர், பயம் அண்ணன்மாரிடம். மூன்றாவதில் தோட்டத்து வேலி. பயம் ஊர் வாயிடம். கவனித்தீர்களா? அவன் கண்ணிக்குக் கண்ணி கிட்டே வந்துகொண்டிருக்கிறான்! அவளுடைய பயமோ வீட்டிலிருந்து வெளியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நாம் இதை இரவுக்குறி என்போம், அலர் அஞ்சுதல் என்போம், துறை எழுதி முடித்துவிடுவோம். இப்படிச் சொல் மாறி அடுக்கி வருகிற பாட்டு நம்மிடம் இல்லாமல் இல்லை. கானல்வரியில் இருக்கிறது, ஆய்ச்சியர் குரவையில் இருக்கிறது. ஒரு பொருள்மேல் மூன்றடுக்கி வரும் தாழிசை என்று இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. அப்புறம், நடவு வயலிலும் ஏற்றக்காலிலும் இருந்தது. எழுதி வைக்க ஆள் இல்லாத இடங்கள் அவை.

இனி உரைகாரருக்கு வருவோம்.

கி.மு. 213-இல் சின் பேரரசன் பழைய நூல்களைக் கொளுத்தச் சொன்னான். ஷிஜிங்கும் அதில் அடக்கம். ஓலையையும் மூங்கிலையும் எரிக்கலாம். மனப்பாடம் பண்ணினவன் தலைக்குள் புகுந்து எரிக்க முடியாது. பாட்டாகையால் பிழைத்தது. அடுத்து வந்த ஹான் அரசில் நாலு பள்ளிக்காரர்கள் நாலு பாடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நிலைத்தது மாவ் பள்ளியாரின் பாடம். (மாவ் என்றதும் வாசகர்கள் வேறு ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள்.) ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் ஒரு முன்னுரைக் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பில்தான் கூத்தெல்லாம். தொகுதியின் முதல் பாட்டு, நல்ல பெண் ஒருத்தியை நினைத்துத் தூக்கம் வராமல் புரளுகிற ஒரு வாலிபனைப் பற்றியது. குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? அரசியின் நற்குணத்தைப் பாடியதாம். சுவர் ஏறாதே என்று கெஞ்சுகிற பெண்? அங்கே பெண்ணே இல்லை. தம்பியை அடக்கத் தெரியாத ஜெங் நாட்டுக் கோமானை இடித்துரைக்கும் அரசியல் பாட்டாம் அது!

ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஜூ ஸீ என்று ஒரு பேரறிஞர் வந்தார். 1130-இல் பிறந்து 1200-இல் மறைந்தவர். 'இவற்றில் பல தெருவில் ஆணும் பெண்ணும் பாடிக்கொண்ட பாட்டு, அரசியலும் இல்லை கிரசியலும் இல்லை' என்று தைரியமாகச் சொன்னார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 'ஆகையால் இவை ஒழுக்கக்கேடான பாட்டுகள். எச்சரிக்கைக்காகத்தான் தொகுதியில் வைத்திருக்கிறார்கள்' என்று முடித்துவிட்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேரிடமும் நியாயம் கிடைக்கவில்லை. ஒருவர் அவளை இல்லையென்றார். மற்றவர் இருக்கிறாள், ஆனால் கெட்டவள் என்றார். அந்த ஜூ ஸீயின் உரைதான் பின்னாளில் அரசாங்கப் பரீட்சைக்குப் பாடம். 1905-இல் அந்தப் பரீட்சையை எடுக்கிற வரைக்கும் உத்தியோகம் வேண்டும் என்கிற ஒவ்வொரு சீனப் பையனும் இந்தக் காதல் பாட்டுகளை நெட்டுருப் போட்டிருக்கிறான். காதல் பாட்டை வெறும் காதல் பாட்டாகவே வாசிப்பது பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். 1919-இல் கிரானே என்ற பிரெஞ்சுக்காரர் இவை குடியானவர்களின் திருவிழாப் பாட்டுகள் என்று எழுதினார். 1937-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஆர்தர் வேலி, உரைகாரர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார்.

நம்முடைய பக்கத்தில் சோழர் காலத்திலேயே சீனத்துக்குத் தூது போயிருக்கிறது. ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1015-இல் சீன அரசவையை அடைந்தார்கள். 1077-இல் குலோத்துங்கன் அனுப்பியது எழுபத்திரண்டு பேர். முத்தும் வாசனைச் சரக்கும் போயின. பட்டும் பீங்கானும் வந்தன. கடலூர் முதுநகர் நாட்டுமருந்துக் கடையில் இன்றைக்கும் சீனாக்காரம் என்று கேட்டால் படிகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சீனி இருக்கிறது, சீனிவெடி இருக்கிறது. எழுபத்திரண்டு பேரில் ஒருவர் ஒரு பாட்டைக் கேட்டு வந்து சொல்லியிருக்கலாம்.

சிதம்பரத்தை நினைக்காமல் இந்த விஷயத்தைப் பேச எனக்குத் தெரியவில்லை. தில்லையைப் பாட்டுடைத் தலைவனுக்கு இருப்பிடமாக வைத்து மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையார், இருபத்தைந்து அதிகாரம், நானூறு பாட்டு, முழுக்க முழுக்க அகத்துறை. அதை வேதம் என்கிறவர்கள் உண்டு, ஆகமம் என்கிறவர்கள் உண்டு, காமநூல் என்கிறவர்களும் உண்டு என்று ஒரு பழைய தனிப்பாட்டே கேலியும் வியப்புமாகச் சொல்கிறது. தலைவன் என்பது உயிர், தலைவி என்பது சிவம், தோழி என்பது திருவருள் என்று பேரின்பப் பொருள் விரித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே நான் உரைகாரரோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஏனென்றால் இரண்டையும் வைத்தவர் பாடியவரே. கோவையில் காதல் செய்கிற கிளவித் தலைவன் வேறு, புகழப்படுகிற பாட்டுடைத் தலைவன் வேறு. இருவரும் ஒரே பாட்டில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் இருக்கிறார்கள். கூத்தபிரானுக்கு இடம் கொடுப்பதற்காக அந்தப் பெண்ணை யாரும் வெளியேற்றவில்லை.

அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1940-களின் பிற்பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தமிழ் படித்தார். தனிநாயகம் அடிகள். சங்கப் பாட்டில் இயற்கை என்பதை ஆராய்ந்தார். கிரேக்க லத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1953-இல் வந்தது, விரிந்து 1966-இல் மறுபடி வந்தது. அங்கி போட்ட துறவி. அகப்பாட்டைக் கையில் எடுக்கிறார். அதில் ஆண்டவனைத் தேடிக்கொண்டு போகாமல் குறிஞ்சியையும் நெய்தலையும் பார்க்கிறார். மாவ் பள்ளியாருக்கும் ஜூ ஸீக்கும் இந்த மனிதரைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

என் தாத்தாவுக்கும் காட்டியிருக்கலாம்.

முதுநகரில் தாத்தா ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். கறாரான சைவர். அவருடைய மூத்த மகள், என் பெரிய அத்தை, புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருந்தாள். 1938-இல் மாமா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். மாசம் ஒரு கடிதம் வந்தது. 1941 டிசம்பரோடு நின்றது. மலாயாவில் ஜப்பான்காரன் இறங்கிய மாதம் அது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னார். இல்லை, ஈப்போவில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். செத்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே அத்தை தாலியோடும் குங்குமத்தோடும் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும்.

பின்கட்டில் மல்லாட்டை உடைக்கும்போது அத்தை பாடுவாள். யார் கட்டின பாட்டோ, அவளே கட்டினதோ. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மூன்று கண்ணி. கெடிலத்து அக்கரையில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நிற்கிறது என்று தொடங்கும். தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்க ஆள் இல்லை என்று முடியும். அடுத்த கண்ணியில் கொக்கு காலை மாற்றிக்கொள்ளும். சீவினாயா என்று கேட்க ஆள் இல்லை. மூன்றாவதில் கொக்கு பறந்துவிடும். பூ வைத்தால் பார்க்க ஆள் இல்லை. ஒவ்வொன்றின் வாலிலும், பினாங்குக்குப் போன கப்பலுக்குத் திரும்ப வழி தெரியாதோ என்று ஓர் இழுப்பு. கொக்குக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் சொல்லமாட்டாள். நெய்வேலியில் அந்தப் புத்தகத்தின் தலைப்பைப் பார்த்தவுடன் விலை கேட்காமல் எடுத்ததற்குக் காரணம் இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒருநாள் மண்டிக்கு வந்துபோகிற தேவாரக்காரர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பின்கட்டிலிருந்து பாட்டு வந்தது. "குழந்தை என்ன பாடுது?" என்று கேட்டார். தாத்தாவின் முகம் சிறுத்துவிட்டது. வளர்ந்த பெண் புருஷனுக்காக ஏங்குவது கூடத்து மனிதர் காதில் விழலாமா? "நடராசர் மேலே என்னவோ பாடுறா. தில்லையை நெனைச்சுக்கிட்டே இருப்பா" என்றார். வந்தவர் ரசிகர். "அப்படியானா அந்த அடி கொஞ்சம் ஒட்டலையே" என்று சொல்லி, கப்பலை எடுத்துவிட்டு மனசை வைத்தார். பினாங்கை எடுத்துவிட்டுப் பொன்னம்பலத்தை வைத்தார். பொன்னம்பலத்துக்குப் போன மனசுக்குத் திரும்ப வழி தெரியாதோ. நல்ல கை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே மாற்றத்தில் பாட்டுச் சித்தாந்தமாகிவிட்டது. தாத்தா அத்தையைக் கூப்பிட்டு, "இனிமே இப்படிப் பாடும்மா" என்றார்.

"சரிப்பா" என்றாள்.

அப்படியேதான் பாடினாள். ஆருத்ரா தரிசனத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு ரயில் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு சிதம்பரம் போவோம். வண்டியில் பெண்கள் கேட்டால் பொன்னம்பலம் என்று பாடுவாள். 'ஆகா, என்ன பக்தி' என்பார்கள். பின்கட்டில் தனியாக இருக்கும்போது பினாங்கு என்று பாடுவாள். பையன் ஆகையால் என்னை அவள் ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை, இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

தாத்தாவின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. சீனக் கதையைப் படித்த பிறகு அதன் வேகம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசியின் நற்குணம், கோமானின் குற்றம் என்று மாவ் பள்ளியார் உறை போட்டு வைத்திராவிட்டால் அந்த 305-இல் எத்தனை மிஞ்சியிருக்கும்? புனித நூல் என்று பெயர் வாங்கினதால்தான் அவற்றை அரசாங்கம் கல்லில் வெட்டி வைத்தது, பையன்கள் மனப்பாடம் பண்ணினார்கள். அத்தையோடு மல்லாட்டை உடைத்த மற்றப் பெண்களும் பாடினார்கள். அவர்கள் பாட்டுகளுக்குப் பொன்னம்பலம் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அத்தையின் பாட்டு மட்டும் எங்கள் வீட்டில் மார்கழிக்கு மார்கழி இருக்கிறது. அத்தை 1974-இல் போனாள். குங்குமத்தோடுதான் போனாள்.

போன மார்கழியில் தம்பியின் பேத்தி, எட்டு வயது, அதைப் பாடிக்கொண்டிருந்தாள். கொக்கு, எண்ணெய், சீப்பு எல்லாம் சரியாக வந்தது. சாமி பாட்டில் சீப்பு எதற்கு என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த அடி வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"அந்த இடத்திலே பொன்னம்பலம் இல்லேம்மா, பினாங்கு. மனசு இல்லே, கப்பல்."

"பினாங்கா? அங்கே கோயில் இருக்கா, பெரிய தாத்தா?"

"இருக்கு. தண்ணீர்மலை முருகன் கோயில். தைப்பூசத்துக்கு ஊரே கூடும்."

கோயில் இருக்கிறது என்றதும் அவளுக்கு ஆட்சேபணை நீங்கிவிட்டது. பாடிப் பார்த்தாள். மெட்டு நிற்கவில்லை; பினாங்கு முடிந்த பிறகும் இழுப்பு மிச்சம் இருந்தது. பொன்னம்பலம் உட்காருவதற்காக அந்த இடத்தில் மெட்டையும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டு பேருமாகக் கூடத்தில் உட்கார்ந்து, அத்தை எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று நான் யோசித்து யோசித்துச் சொல்ல, அவள் அதைக் குறுக்கிக் குறுக்கிப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.